பாட்டு முடிந்த பிறகு கிடப்பவை

எங்கள் குழுவில் இரண்டே சட்டங்கள். ஒன்று, படம் நீங்களே எடுத்ததாக இருக்க வேண்டும். இணையத்தில் சுட்ட படத்தைப் போட்டால் டீச்சரம்மா அன்று முழுக்கப் பேச மாட்டார். மறுநாள் அவர் பேச ஆரம்பித்ததும், பேசாமலே இருந்திருக்கலாமே என்று தோன்றும். இரண்டு, படம் போட்டவர் அத்தனைக்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும். இது என்ன, அந்தப் பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். விளக்கம் இல்லாத புதிரை டீச்சரம்மா கணக்கில் சேர்க்க மாட்டார்.

விளையாட்டு இவ்வளவுதான். வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் யாராவது ஒருவர் போனில் மூன்று படங்களும் அடியில் ஒருவரி விடுகதையும் போடுவார். அது என்ன சினிமாப் பாட்டு என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது கிடையாது. சொந்தப் பெயரும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் டீச்சரம்மா. சரக்கு லாரி ஓட்டுகிறவர் லாரி அண்ணன். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற நான், கண்ணாடி.

லாரி அண்ணன் போடும் புதிரை எல்.கே.ஜி. பிள்ளை கண்டுபிடிக்கும். பாட்டில் நிலா வந்தால் நிலாவையே படம் எடுத்துப் போடுவார். ஆனால் அவருக்கு வேறொரு பெருமை உண்டு. யார் என்ன படம் போட்டாலும் பாட்டைத் தேடாமல் ஊரைத் தேடுவார். "பின்னாடி தெரியுதே அந்த வளைவு, அது மலையிறக்கத்துல மூணாவது திருப்பம். அங்க டயர் பஞ்சர் ஆகி நான் பட்ட பாடு இருக்கே!" என்று குரல் பதிவு வரும். "அண்ணே, பாட்டைக் கண்டுபிடிங்க, ரோட்டை இல்ல" என்று டீச்சரம்மா அதட்டுவார். அவர் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

குழுவில் என் புதிருக்குத்தான் மவுசு. என் படங்களைச் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் என்று எல்லோருக்கும் அனுப்பி வைப்பார்கள். கண்ணாடிக்கு என்ன மூளை, என்ன ரசனை என்று கொண்டாடுவார்கள். எனக்குப் பாட்டு என்றால் குளிக்கும்போது பாதி வரி தெரியும், அவ்வளவுதான். அந்தப் புதிர்களைச் செய்தவள் என் தங்கை.

போன மழைக்காலத்தில் ஒரு கைப்பையோடு என் வாசலில் வந்து நின்றாள். என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்தபோது அவள் முழங்கை என் கைக்குள் அடங்கியது, அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவள் புருஷனுக்கு மருந்துக்கடை. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். நடு இரவில் மாத்திரை கேட்டு வந்தாலும் முகம் சுளிக்காமல் எழுந்து கொடுப்பவன். காலையில் கடைக்குப் போகும்போது இவளைப் படுக்கையறையில் வைத்து வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவான். சாயங்காலம் வந்து திறப்பான். அடிக்க மாட்டான். குரல் உயர்த்த மாட்டான். ஒருமுறை தப்பித்துக் காவல் நிலையத்துக்கு ஓடினாள். அங்கே இருந்த அதிகாரியின் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுப்பவனே அவன்தான். டீ வரவழைத்து, புத்தி சொல்லி, அவன் வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவைத்தார்கள்.

அவனுக்கு நான் கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறேன் என்பது தெரியும். எந்த ஊர் என்பது தெரியாது. கல்யாணமானதுமே என்னோடு பேச்சை வெட்டிவிட்டான், அதற்குப் பிறகு நான் ஊர் மாறியதையும் புது விலாசத்தையும் தங்கைக்கு மட்டும் ரகசியமாகத் தெரியப்படுத்தியிருந்தேன். அந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் நாங்கள் இருவரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். தங்கை வெளியே போக மாட்டாள். அவளுக்குப் போன் கிடையாது. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, மேலே மொட்டை மாடி. அவள் உலகம் அவ்வளவுதான். அங்கேயும் பூட்டிய அறை, இங்கேயும் பூட்டிய அறை என்று எனக்குள் குமுறும். அவளிடம் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "இந்தப் பாட்டுக்கு யாராவது படகைப் படம் எடுத்துப் போடுவாங்களா? சப்புன்னு இருக்கே" என்றாள். அது ஒரு பழைய படகுப் பாட்டு. "பின்ன எதைப் போடுறது?" என்றேன். என்னை மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். ஒரு குவளைத் தண்ணீரில் பாதத்தை நனைத்துப் படிக்கல்லில் வைத்து எடுத்தாள். அந்த ஈரத் தடம் ஓரத்தில் காய ஆரம்பித்ததும், "இப்ப எடு" என்றாள். அடியில் போட ஒரு வரியும் சொன்னாள்: கால் நனைச்சவ போயாச்சு, கல்லு மட்டும் காயுது.

அதுதான் அவள் கைவாகு. பாட்டில் இருப்பதை அவள் காட்டவே மாட்டாள். பாட்டு முடிந்து, பாடியவர்கள் போன பிறகு அந்த இடத்தில் என்ன கிடக்குமோ அதைக் காட்டுவாள். முதலிரவுப் பாட்டுக்கு, கழுவிக் கவிழ்த்த இரண்டு தம்ளர். ரயில் பாட்டுக்கு, ஒருவர் உட்கார்ந்து எழுந்த குழி மட்டும் உள்ள மெத்தை. படகுப் புதிரைப் போட்ட அன்று டீச்சரம்மா குரல் பதிவில் துள்ளினார்: "நாப்பது வருஷம் பாட்டு சொல்லிக் குடுத்திருக்கேன், எனக்கு இந்தப் புத்தி வரலையே!" அதைக் கேட்டு அடுப்படியில் தங்கை சிரித்தாள். வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்புக்காக நான் நாள் தவறாமல் புதிர் போட்டேன்.

கொஞ்ச நாளில் குழுவுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். யாரோ அனுப்பிய என் புதிரைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாராம். நல்ல ரசிகர் என்று டீச்சரம்மா அறிமுகப்படுத்தினார். முகப்பில் ஒரு பழைய வானொலிப் பெட்டியின் படம். பெயர், ரேடியோ.

ரேடியோ எங்கள் புதிருக்கு மட்டும்தான் விடை சொன்னார். மற்றவர்கள் போட்டதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களுடையது விழுந்த அடுத்த நிமிடம் விடை வந்து நிற்கும். சரியாக இருக்கும். டீச்சரம்மாவே தலையைச் சொறிகிற புதிர்களுக்குக் கூட. விடைக்குக் கீழே ஒரு வார்த்தை எழுதுவார்: "நல்ல கை."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு ஜோடித்ததை ஒரு ஆள் வந்து ஊதித் தள்ளினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது. ஆனால் தங்கைக்குச் சந்தோஷம். சாயங்காலம் ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"வந்துடுச்சா?"

"இன்னும் போடவே இல்லடி, பொறு."

"அந்த ஆளுக்கு மட்டும் புரியுதுக்கா. நான் என்ன நெனைச்சு செஞ்சேனோ அது அப்படியே புரியுது."

அவளுக்குப் பிடித்ததைப் பார்த்து எனக்கும் அந்த ஆள் மேல் இருந்த கடுப்பு குறைந்தது. பாவம், யாரோ தனியாக இருக்கிற மனுஷர் போல என்று நினைத்தேன்.

பிறகு தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணாடி புதிர் எங்கே என்று குழுவில் கேட்டார்கள். சரி, நாமே ஒன்று செய்து பார்ப்போம் என்று கிளம்பினேன். ஒரு மழைப் பாட்டை எடுத்துக்கொண்டு, ஈரக் குடையையும் சொட்டும் ஜன்னலையும் படம் பிடித்துப் போட்டேன். ஆளுக்கு ஒரு பாட்டு சொன்னார்கள். ரேடியோ ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் ஓய்ந்த பிறகு ஒரே ஒரு வரி எழுதினார்.

"இது உங்க கை இல்லையே. அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

அவங்களுக்கு. அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் படித்தேன். மற்றவர்கள் சிரிப்புப் பொம்மைகள் போட்டு, "கண்ணாடி, உன் குட்டு வெளிப்பட்டுடுச்சா? யார் எழுதித் தர்றாங்க?" என்று கலாய்த்தார்கள். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போர்வைக்குள் கிடந்த தங்கையிடம் காட்டினேன். "கெட்டிக்காரர்தான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே குழுவை விட்டு வந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அவளுக்கு இருந்தது அந்த ஒரு சந்தோஷம்தானே, அதையும் எப்படிப் பிடுங்குவது?

அடுத்த வாரம் லாரி அண்ணன் திருவாயைத் திறந்தார். மொட்டை மாடியில் காயும் ஒற்றைச் சேலையை, தங்கை சொன்னபடி நான் எடுத்த படம் அது. சேலைக்குப் பின்னால், ஒரு விரற்கடை அளவுக்கு ஆலைப் புகைபோக்கி தெரிந்தது. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்தது. எங்கள் இருவர் கண்ணிலும் அது படவே இல்லை. தினமும் பார்க்கிற பொருள் யார் கண்ணில் படுகிறது?

"கண்ணாடித் தங்கச்சி, சிக்கிட்டியா!" என்று குரல் பதிவில் கொக்கரித்தார். "அது சிமெண்ட் ஆலை புகைபோக்கி. மாசம் ரெண்டு தடவை அங்கதான் லோடு ஏத்துறேன். அப்போ நீ ஆலைக்குப் பின்பக்கக் குடியிருப்புலதான் இருக்கே. அடுத்த தடவை வந்தா அண்ணனுக்கு ஒரு டீ போட்டுத் தருவியா?"

பாசமாகத்தான் சொன்னார். ஊரின் பெயரையும் சேர்த்தே சொன்னார். படத்தை அழித்தேன். அவர் குரலை நான் அழிக்க முடியாது. அந்தப் பதிவுக்கு அடியில் யாரோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். யார் என்று பார்த்தேன். ரேடியோ. மற்றவர்கள் பேச்சுக்கு அந்த ஆள் எதிர்வினை காட்டியது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ரேடியோ மௌனமானார். எங்கள் புதிர் விழுந்தால் டீச்சரம்மா விடை சொன்னார், வேறு யாராவது சொன்னார்கள். "ரேடியோ ரிப்பேரா?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. தங்கை வருத்தப்பட்டாள். சாப்பாட்டைப் பிசைந்தபடி, "ஊருக்கு எங்கயாவது போயிருப்பாரோ?" என்றாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோ முதன்முறையாகத் தானே ஒரு புதிர் போட்டார்.

முதல் படம், மூடிய கதவில் வெளிப்பக்கமாகத் தொங்கும் பூட்டு. இரண்டாவது, தரையில் ஒரு தட்டு, அதன் மேல் கவிழ்த்து மூடிய இன்னொரு தட்டு. மூன்றாவது, ஒரு கதவின் உட்பக்கம். நெஞ்சுயரத்தில் ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் உதிர்ந்து மரம் தெரிகிறது. அடியில் வரி: பாடுறவன் வெளியே, தாளம் உள்ளே.

குழு குதூகலமாகிவிட்டது. சிறைச்சாலைப் பாட்டு என்றார் ஒருவர். சாமி கும்பிடுகிற பாட்டு, நடை சாத்தியாச்சு என்றார் இன்னொருவர். லாரி அண்ணன், "சாப்பாடு ஆறிப்போச்சுன்னு பொண்டாட்டி கோவிச்சுக்கிற பாட்டு" என்றார். "அட, இதுவும் நம்ம கண்ணாடி பாணிதான், பாட்டு முடிஞ்ச பிறகு கிடக்குறதை எடுத்திருக்கார்" என்று டீச்சரம்மா பாராட்டினார். ரேடியோ எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

தங்கை என் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தாடை என் தோள் எலும்பில் இடித்தது. முதலில் என் போன்தான் அதிர்கிறது என்று நினைத்தேன். அவள் பல் கிட்டித்துக்கொண்டு நடுங்கினாள்.

"அக்கா, அது எங்க வீட்டுக் கதவு."

பூட்டிவிட்டுப் போவதற்கு முன் அவன் கதவுக்கு வெளியே நின்று பாடுவானாம். ஒரு பழைய தாலாட்டு. நல்ல குரலாம் அவனுக்கு. அவள் உள்ளேயிருந்து கதவைத் தட்டத் தட்ட, அந்தத் தட்டலையே தாளமாக வைத்துக்கொண்டு கடைசி வரி வரை பாடி முடித்துவிட்டுத்தான் படியிறங்குவானாம். கல்யாணமான புதிதில் இருவரும் இதே விளையாட்டை விளையாடியிருக்கிறார்கள், வீட்டில் ஏதாவது ஒரு பொருளைக் காட்டி என்ன பாட்டு என்று கேட்டு. பாட்டு முடிந்த பிறகு கிடப்பதைக் காட்டும் வழியை அவள் கண்டுபிடித்ததும் அப்போதுதான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி இதை?" என்று கத்திவிட்டேன்.

"அது ஒண்ணுதான்கா நல்லா இருந்துச்சு. அதையும் அவர்கிட்டயே விட்டுட்டு வரணுமா?"

இந்த நிலையிலும் அவர், இவர் என்று மரியாதை கொடுக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் புதிர் ஊர் ஊராகச் சுற்றி அவன் கையில் விழுந்திருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் கை யாருடையது என்று தெரிந்திருக்கிறது. போட்டவள் பெயர் கண்ணாடி என்றதும் அக்காவும் தெரிந்துவிட்டாள். ஊரை மட்டும் லாரி அண்ணன் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்.

அன்றே கிளம்பியிருக்கலாம். வெளியே தெருவில் எவன் நிற்கிறான் என்று தெரியாமல் இருட்டில் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? லாரி அண்ணனைக் கூப்பிட்டேன். அவரோடு நான் தனியாகப் பேசியது அதுவே முதல் தடவை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். முடித்ததும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, லோடு இறக்கிட்டு அப்படியே வந்துடறேன். நாளைக்கு மத்தியானம். ரெண்டு பேரும் துணிமணியை எடுத்து வெச்சுக்கங்க. என் வீட்டுல என் சம்சாரம் இருக்கா, மக இருக்கா. எவன் வர்றான்னு பாக்குறேன். அதுவரைக்கும் கதவைத் தொறக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை காவல் நிலையத்துக்கும் போன் செய்தேன். எங்கள் ஊர் நிலையம்தான், அவன் ஊருடையது அல்ல. எடுத்தவர் கொட்டாவி விட்டபடி கேட்டார். "மிரட்டினாரா?" இல்லை. "வீட்டுக்கு வந்தாரா?" இல்லை. "பின்ன என்னதாம்மா செஞ்சார்?" படம் போட்டார் என்றேன். எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. பூட்டு, தட்டு, கதவு என்று விளக்க ஆரம்பித்தேன். எழுதிக்கொள்கிறோம், ஏதாவது நடந்தால் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டார். நடந்த பிறகு கூப்பிடுவதற்கு யார் மிச்சம் இருப்பார்கள் என்று போனைப் பார்த்துக் கேட்டேன்.

கடைக்கு விடுப்பு சொல்லியிருந்தேன். ஞாயிறு அரை நாள் கடை உண்டு. முதலாளி சலித்துக்கொண்டே சரி என்றார். இரண்டு பைகளும் கதவோரம் தயாராக இருந்தன. தங்கை நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள், யாரும் தொடவில்லை. ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய ஃபேனின் சத்தத்தில் எதிர்க் கட்டடத்துக் குழந்தை அழுவதுகூடக் கேட்காது.

பத்தரை மணி வாக்கில் போன் டிங் என்றது. குழு.

"இன்னும் யாருமே சொல்லலையா? சரி, ஒரு துப்பு தர்றேன்" என்று எழுதியிருந்தான் ரேடியோ. கீழே நாலாவதாக ஒரு படம். ஒரு கடையின் முகப்பு. மேலே தகரத்தில் வெட்டிய பெரிய மூக்குக் கண்ணாடி, இடது பக்கம் பெயிண்ட் உரிந்தது. நான் நாலு வருடமாகத் தினமும் அதன் அடியில்தான் செருப்பைக் கழற்றுகிறேன்.

"கண்ணைப் பத்தின பாட்டா?" என்று யாரோ கேட்டார்கள். ஆளாளுக்குக் கண் பாட்டாக அடுக்கினார்கள்.

தங்கைக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் குரலில் தேன் ஒழுகியது.

"என்னம்மா நீ, உங்க வீட்டுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை இருக்கார்னு சொல்லவே இல்லையே! என்ன மரியாதை, என்ன பேச்சு. உன் தங்கச்சிக்கு மருந்து கொண்டு வந்திருக்காராம். தொடர்ந்து சாப்பிடணுமாமே பாவம், நிறுத்துனா புத்தி தடுமாறுமாம்."

"வீடு சொன்னீங்களா?"

"பின்ன சொல்லாம? வழி வரைஞ்சே குடுத்தேன். இப்பதான் கிளம்பினார். நடந்தே வர்றாராம்."

கடையிலிருந்து எங்கள் வீடு நிதானமாக நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. மறுபடி காவல் நிலையத்தைக் கூப்பிட்டேன். இந்த முறை கொட்டாவி இல்லை, ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. எங்கள் கட்டடத்துக்கு ஒரே படிக்கட்டு. இறங்கினால் அவன் ஏறி வரும் வழியில்தான் இறங்க வேண்டும். கீழ் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று கிளம்பினேன்; ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக்கொண்டு எங்கோ போயிருந்தார்கள். மேலே ஓடி வந்து எங்கள் கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன். மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன்.

திரும்பிப் பார்த்தால் தங்கை என் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வந்த நாளிலிருந்து அவள் அதைத் தொட்டதே இல்லை.

"எப்படிக்கா பேசிப் போடுறது? இந்தப் பொத்தானா?"

"என்னடி செய்யப் போற?"

"விடை சொல்லப் போறேன்."

பொத்தானை அழுத்திப் பிடித்தாள். முதலில் அவள் மூச்சு மட்டும்தான் பதிவாகியிருக்கும். பிறகு பேசினாள். அவள் குரல் நடுங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நடுங்கியது. ஆனால் நிறுத்தவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். கண்ணாடி பேரில புதிர் செஞ்சது நான்தான், அவங்க தங்கச்சி. ரேடியோ போட்ட புதிருக்கு விடை சொல்றேன். அது ஒரு தாலாட்டு. ரேடியோ என் வீட்டுக்காரர், மருந்துக்கடை வெச்சிருக்கார். விளக்கமும் நானே சொல்றேன், அவர் சொல்ல மாட்டார். முதல் படம், எங்க படுக்கையறைப் பூட்டு. தினம் காலையில என்னை உள்ள வெச்சு இதைப் பூட்டுவார். ரெண்டாவது, எனக்கு வெச்சிட்டுப் போற சாப்பாடு. சாயங்காலம் வரைக்கும் அதுதான். மூணாவது, கதவோட உள்பக்கம். பெயிண்ட் போயிருக்குல்ல, அது நான் தட்டித் தட்டிப் போனது. தாளம் உள்ளேன்னு எழுதியிருக்கார் பாருங்க, அது நான் தட்டுனது. நாலாவது, எங்கக்கா வேலை பாக்குற கடை. அங்க விலாசம் வாங்கிட்டு இப்ப எங்க வீட்டுக்கு வந்துட்டிருக்கார். எனக்கு எந்தப் பைத்தியமும் இல்ல. இவ்வளவுதான்."

அவன் ஊர்ப் பெயரையும் கடைப் பெயரையும் சேர்த்தே சொல்லிவிட்டு விரலை எடுத்தாள். போய்விட்டது.

கண் பாட்டு அடுக்கியவர்கள் எல்லாம் நின்றுபோனார்கள். பிறகு டீச்சரம்மாவின் குரல் வந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். "கண்ணு, விளக்கம் கேட்டாச்சு. எல்லாரும் கேட்டாச்சு. நான் சாட்சி." அடுத்தடுத்து வந்து விழுந்தன. அந்த மருந்துக்கடைக்காரர் ஊரில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அங்கே எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன் என்றார் ஒருவர். மேலதிகாரிக்குப் பேசுகிறேன் என்றார் இன்னொருவர். லாரி அண்ணன், "சுங்கச்சாவடி தாண்டிட்டேன், பறந்து வர்றேன், கதவைத் தொறக்காத" என்று ஓட்டிக்கொண்டே கத்தினார். எல்லாவற்றுக்கும் கீழே சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி வந்தது. ரேடியோ வெளியேறினார்.

நான் ஓவென்று கத்திவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஓடிட்டான்டி! தங்கமான மனுஷன் சாயம் வெளுத்துடுச்சு! இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கடை தொறப்பான்?" என்று அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

அவள் குதிக்கவில்லை. போனை மேசை மேல் வைத்தாள்.

"அவர் ஏன்கா என்னை அடிச்சதே இல்ல? நாலு பேர் நல்லவர்னு சொல்லணும். அதுக்காகத்தான். அந்தப் பேர்தான் அவர் கையைக் கட்டி வெச்சிருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப அதை நான் அவுத்து விட்டுட்டேன்."

"தெரிஞ்சுமா சொன்னே?" என்றேன்.

"தெரிஞ்சுதான் சொன்னேன். சொல்லாம இருந்தா மருந்து குடுத்து, கையைப் பிடிச்சு, எல்லாரும் பாக்க மரியாதையாக் கூட்டிட்டுப் போவார். நீயே வழியனுப்புற மாதிரி ஆகியிருக்கும். அதுக்கு இது பரவாயில்ல."

அவள் சமையல் மேடையைச் சுற்றிப் பார்த்தாள். அரிவாள்மனையைத் தூக்கிப் பார்த்தாள், கனமாக இருந்தது போல, கீழே வைத்துவிட்டுச் சப்பாத்திக் கட்டையை எடுத்துக்கொண்டாள். என் கையில் இரும்புத் தோசைத் திருப்பியைத் திணித்தாள். இருவரும் மேசைக்குப் பின்னால் நின்றோம். லாரி அண்ணன் வர இன்னும் நேரம் இருந்தது. காவல் நிலையத்திலிருந்து யாரும் வந்தபாடில்லை.

"அக்கா" என்றாள் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த ஃபேனை நிறுத்து. படியில சத்தம் கேக்கணும்."